செசீலியாவின் வெறும் ஸ்டோர்

செசீலியாவின் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். இருபது வருஷமாக அவள் எங்கெங்கே வேலை செய்தாள் என்று அவளிடம் கேட்கத் தேவையில்லை. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குக் கிட்ட, பாலமீன்மடுவில் இருக்கிறது அந்த வீடு. வாசலில் படியாகக் கிடப்பது ஒரு சீமெந்துப் பை. ஈரம்பட்டுக் கல்லாய்ப் போனது. பையின் மடிப்பும் தையலும்கூட அதில் அப்படியே பதிந்திருக்கும். அது ஒரு சந்தைக் கட்டடத்தில் மிஞ்சியது. பின்வளவில் உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு பள்ளிக்கூட மாடி கட்டியபோது வந்தது. கோழிக்கூட்டுக்கு அடியில் இரண்டு, அவை ஒரு வாசிகசாலையின் மிச்சம். அவள் கணவன் சுதாகரன் தோணியில் ஏறுவதற்கு மிதிக்கிற கல்லும் அந்த வம்சம்தான். "என்ட பொஞ்சாதிக்கு ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு சீதனம் குடுக்கும்" என்று அவன் கரையில் நிற்கிறவர்களிடம் சொல்லித் திரிவான்.

செசீலியாவுக்கு நாற்பத்தேழு வயது. தொழில், கட்டட வேலைத்தலங்களில் ஸ்டோர்கீப்பர். சுனாமிக்குப் பிறகு திரும்பிய பக்கமெல்லாம் வீடு கட்டினார்களே, அந்த நாளில் அவள் தலையில் தாச்சி வைத்து மண் சுமந்தாள். தாச்சி என்பது மண்ணும் சாந்தும் அள்ளுகிற இரும்புச் சட்டி. காத்தான்குடி அசனார் ஹாஜியார்தான் அப்போதும் கட்டட வேலை எடுத்துச் செய்கிற கொந்தராத்துக்காரர். ஒரு நாள் எந்த வளவில் எத்தனை கதவுநிலை இறங்கியது என்று தெரியாமல் ஆம்பிளைகள் எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, மண் சுமந்து போன பெண் போகிற போக்கில் வளவு வளவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஹாஜியார் அன்று பின்னேரமே சாமான் பூட்டி வைக்கிற தகரக் கொட்டிலின் திறப்பை அவள் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சைட் மாறியது, பூட்டு மாறியது, இடுப்பில் ஒரு திறப்பு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

அவளுடைய ஸ்டோருக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்து கேட்டவனுக்கு 'இல்லை' என்று சொல்லி அனுப்பக் கூடாது. ஐம்பது பை வேண்டுமென்றால் எழுபதுக்கு ஓடர் போடுவாள். "கூடினா மூலைக்குள்ள கிடக்கும். குறைஞ்சா ஆர்ர மூஞ்சியப் பாக்கிற?" என்பாள். மட்டக்களப்பில் கலியாண வீட்டுச் சோறும் அந்தக் கணக்கில்தான் வேகும். மிஞ்சுவது மரியாதை, தட்டுப்படுவது மானக்கேடு. சரி, சோறு மிஞ்சினால் கோழி தின்னும். சீமெந்து மிஞ்சினால் எந்தக் கோழி தின்னும்? மாரி வரும், பை இறுகும். வீட்டுக்குப் போனது போக மிச்சத்தை வாவிக்கரையில் கண்டல் மரங்களின் வேருக்குள் உருட்டிவிடுவார்கள். ஒரு சைட் இரண்டு சைட் அல்ல, அவள் கண்ட எல்லாச் சைட்டிலும் அதுதான் நடந்தது. ஒருவருக்கும் அது தப்பென்று தோன்றவும் இல்லை.

இந்தச் சீருக்குள் வந்து சேர்ந்தாள் றஸீனா.

கல்லடிப் பக்கம், வாவியைப் பார்த்தபடி, பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை மூன்று மாடியில் கட்டும் வேலை ஹாஜியாருக்குக் கிடைத்திருந்தது. கட்டச் சொன்னவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். எவ்வளவு சீமெந்து வந்தது, எவ்வளவு வீணாய்ப் போனது, வாவிக்குள் என்ன விழுந்தது, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஹாஜியார் தாடியைத் தடவிப் பார்த்தார், பிறகு ஏறாவூருக்குப் போய் றஸீனாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டாரில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இஞ்சினியர். முக்காட்டுக்கு மேலே மஞ்சள் தலைக்கவசம், கையில் ஒரு வெள்ளைப் பலகை.

முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "ஒரு பை சீமெந்தச் சுட்டு எடுக்கக்குள்ள அந்தப் பையின்ட நிறைக்குக் கிட்டப் புகை எழும்புது. அந்தப் பைய நாம வாவிக்குள்ள உருட்டினா, அவ்வளவு புகையும் சும்மா போன புகை. மண்ணும் அப்படித்தான். ஆத்தில தோண்டினது திரும்பி ஆத்துக்குப் போகாது. நான் சொல்லுற முறைக்குப் பேர் லீன். வேலையில கிடக்கிற கொழுப்பக் கழிக்கிறது. நாளைக்குத் தேவையானது இண்டைக்கு வந்தாப் போதும். அடுத்த மாசத்துக்குத் தேவையானது அடுத்த மாசம் வரட்டும்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொருவரும் அடுத்த கிழமையின் ஏழு நாளில் என்ன வேலை முடிப்பார் என்று சொல்ல வேண்டும். அது பச்சைத் துண்டில் எழுதிப் பலகையில் ஒட்டப்படும். அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் சாமான் வரும். ஸ்டோரைப் பாதியாகச் சுருக்கலாம், போகப்போக அதுகூடத் தேவைப்படாது என்று றஸீனா சொல்லி முடிக்க, ஹாஜியாருக்குப் பகிடி விடாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப ஸ்டோர் வெறுமையாப் போனா ஸ்டோர்கீப்பர் என்னத்துக்கு? செசீலியா, நீ வீட்ட போய் சுதாகரனுக்கு மீன் வெட்டிக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். செசீலியாவும் சிரித்தாள். மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பிடி தொண்டைக்குள் இறங்கவில்லை. தோணியை நம்பி அவள் வீடு ஓடவில்லை, அந்தத் திறப்பை நம்பித்தான் ஓடியது. அதைவிடப் பெரிய விஷயம், திறப்பு இல்லாத செசீலியாவை அவளுக்கே யாரென்று தெரியாது. அந்த ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்று ஆயித்தியமலை மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். "இந்த வேலை என்ன விட்டுப் போகக் கூடாது தாயே. நான் நடந்தே வாறன்."

முதல் ஆறு கிழமை பலகை பச்சைப் பசேலென்று இருந்தது. வேலை மட்டும் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. றஸீனா எதைக் கேட்டாலும் "ஓம் மிஸ், செய்வம்" என்பார்கள். கொங்கிறீட்டுக்கு அச்சுப் பலகையடிக்கிற உதயரூபன் ஓம் என்பான். ஜெயராஜா பாஸ் எல்லோருக்கும் முந்தி ஓம் என்பார். சித்தாண்டிக்காரர், மேசன்மாருக்குத் தலைவர், அவர் பூசிய சுவரில் கையை வைத்தால் கை வழுக்கும். "வாற கிழமை கீழ் மாடி பூசி முடிப்பீங்களா பாஸ்?" என்று றஸீனா கேட்டாள். "ஓம் மிஸ், முடிப்பம்" என்றார். அந்த நம்பிக்கையில் புதன்கிழமை பின்னேரம் நூற்றிருபது பை வந்து இறங்கியது.

வியாழக்கிழமை ஜெயராஜா பாஸ் வரவில்லை. அவரோடு வேலை செய்கிற ஐந்து பேரும் இல்லை. ஆவணி மாதம், சித்தாண்டி முருகன் கோயிலில் திருவிழா, அவர்கள் தேருக்கு வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். பாதியாகச் சுருங்கிய ஸ்டோருக்குள் எண்பது பைதான் அடங்கியது. மிச்சத்தை வெளியில் அடுக்கித் தறப்பாள் போட்டு மூடினார்கள். கச்சான் காற்று வீசுகிற காலம், மழைக்கு இடமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வானம் கறுத்தது, காற்று தறப்பாளைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் மாட்டிவிட்டது, பிறகு கொட்டியது பாருங்கள் ஒரு மழை. திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தால் முப்பத்திநாலு பை கல்.

சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த முப்பத்திநாலு பையைப் பார்த்தபோது செசீலியாவின் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்த்தது. பெரிய ஸ்டோர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? ஹாஜியாரும் அதைத்தான் சொன்னார். "போதும் புள்ள இந்தப் பலகை விளையாட்டு. நாம பழையபடி செய்வம்." றஸீனா கல்லாய்ப் போன பைகளுக்கு முன்னால் நின்று, "என்ட பிழைதான் ஹாஜியார்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் செசீலியாவின் சந்தோசம் வந்த வழியே ஓடிவிட்டது. பாவம், அந்தப் பெண்ணிடம் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே என்று அந்தச் சைட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும், அவளோ வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

அன்றைய கூட்டத்தில் றஸீனா கடைசியாக ஒன்று கேட்டாள். "ஏன் இப்படி நடந்தது எண்டு எனக்கு ஆராவது சொல்லுங்க. ஏச மாட்டன்."

ஜெயராஜா பாஸ் தன் கால் விரலைப் பார்த்தார். உதயரூபன் கூரையைப் பார்த்தான். பலகை தோற்றுப்போனால் ஸ்டோர் திரும்பி வரும், ஸ்டோர் வந்தால் வேலை நிலைக்கும். சும்மா இருந்தாலே போதும், மாதா கேட்டதைத் தந்துவிடுவாள். செசீலியா இரண்டு தரம் எச்சில் விழுங்கினாள். மூன்றாந் தரம் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பாஸ் வரமாட்டார் எண்டு எனக்குப் புதன்கிழமையே தெரியும், மிஸ்."

"என்னெண்டு?"

"நீர்மட்டத்தையும் சாந்தகப்பையையும் கழுவித் துடைச்சுத் தந்தவர். அடுத்த நாள் வேலைக்கு வாறவர் கழுவ மாட்டார், சாந்தோட அப்படியே வைச்சிட்டுப் போவார். கழுவித் தந்தா வரமாட்டார் எண்டு அர்த்தம். எல்லா மேசன்மாரும் அப்படித்தான். உங்களுக்கு ஓம் எண்டுவாங்க, மறுகா என்ட ஜன்னலில வந்து ஆயுதத்தக் கழுவித் தருவாங்க."

ஜெயராஜா பாஸுக்குக் காது சிவந்துவிட்டது. "மிஸ் ஆசையாக் கேக்கக்குள்ள ஏலாது எண்டு சொல்லுறது மரியாதையா?" என்றார். "நீங்க படிச்ச புள்ள. உங்கட மூஞ்சிக்கு நேர நான் எப்படி ஏலாது எண்டு சொல்லுற?"

றஸீனா அவரைப் பார்த்தாள், செசீலியாவைப் பார்த்தாள், பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "நாலு வருஷம் கட்டாரில படிச்சத விட இது பெரிய பாடம், அக்கா. இந்தப் பலகைய நான் பிழையான இடத்தில மாட்டிப்போட்டன்."

பலகை அன்றே ஒபிஸைவிட்டு இறங்கி ஸ்டோர் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏறியது. சனிக்கிழமைக் கூட்டமும் அங்கேதான், ஆளுக்கொரு கோப்பை பாலில்லாத பிளேன்ரீயோடு. பச்சைத் துண்டோடு சிவப்புத் துண்டும் வந்தது, அது 'ஏலாது' சொல்வதற்கு. ஏலாது என்றவனை யாரும் முகம் சுளித்துப் பார்க்கக் கூடாது, அதுதான் சட்டம். பலகையின் தலையில் செசீலியா தன் கைப்பட ஒரு காலண்டர் கீறினாள். கோயில் திருவிழாக்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, நோன்பு, சேர்ச் பெருநாள், உதயரூபனின் மனைவிக்குப் பிள்ளை பிறக்கிற மாதம். எந்தக் கொம்பியூட்டரிலும் இல்லாத காலண்டர் அது.

முதல் சிவப்புத் துண்டு ஜெயராஜா பாஸுடையது. "வாற கிழமை படிக்கட்டுப் பூச்சு முடியுமா பாஸ்?" என்று றஸீனா கேட்டதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "மிஸ்... அது வந்து... ஒள்ளுப்பம்... கொஞ்சம்..." உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். "ஏலாது." சொல்லிவிட்டு அடி விழப்போகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "சந்தோசம் பாஸ்" என்று றஸீனா துண்டை எழுதி ஒட்டினாள். சீமெந்து லொறி அந்தக் கிழமை வரவில்லை, ஒரு பையும் வீணாகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை யாரைப் பிடித்தாலும் ஏலாதுதான். ருசி கண்டுவிட்டார்கள். பிளேன்ரீ குடிக்கிறாயா என்றால்கூட ஏலாது என்றான் உதயரூபன். மூன்றாவது கிழமை ஆசை தீர்ந்து, ஓம் என்றால் ஓம், ஏலாது என்றால் ஏலாது என்று வந்து நின்றது.

வாய் திறந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. காலையில் மலைபோலச் சாந்து குழைத்துப் பின்னேரம் பாதியை வெட்டி எறிகிற பழக்கம் போய், ஒரு மணித்தியாலத்துக்குத் தேவையானதை மட்டும் குழைத்தார்கள். ஒரு நாள் ஜெயராஜா பாஸ் தானாகவே வரைபடத்தோடு வந்து நின்றார். "ஜன்னல இந்த உயரத்தில வைக்க ஏலாது மிஸ். ஒரு வரிசை கல்லு முழுக்க உடைக்கோணும். ரெண்டு அங்குலம் இறக்கினா ஒரு கல்லும் உடையாது." றஸீனா இறக்கினாள். மேல் இரண்டு மாடியிலும் கல் உடைக்கிற சத்தம் நின்றது. இறுகிப்போன அந்த முப்பத்திநாலு பையையும் வாவிக்கு அனுப்ப அவள் விடவில்லை. சம்மட்டியால் உடைத்து வாசல் பாதைக்கு அடியில் போட்டார்கள். ஒரு கல்லாவது எடுத்துப் போகலாம் என்று தோணியோடு வந்த சுதாகரன் வெறுங்கையோடு திரும்பினான். "இந்தச் சைட் ஒரு கஞ்சச் சைட்" என்றான். ஆனாலும் அந்தக் கரையில் கண்டல் வேர்களுக்குள் இறால் பிடிக்க வலை எறிந்தபோது வலை கல்லில் மாட்டவில்லை என்பதை அவனே வீட்டில் சொன்னான்.

எல்லாம் நல்லாய்த்தான் நடந்தது. செசீலியாவின் ஸ்டோர் மட்டும் நாளுக்கு நாள் காலியானது. முதலில் சீமெந்து மூலை வெறுமையானது, பிறகு கம்பித் தட்டு, பிறகு பெயின்ட் தட்டு. கடைசி மாதத்தில் உள்ளே ஒரு கதிரையும் ஒரு விளக்குமாறும்தான் மிச்சம். காலையில் வந்து பூட்டைத் திறப்பாள், வெறும் தரையைக் கூட்டுவாள், பின்னேரம் பூட்டுவாள். வேலையை நன்றாகச் செய்யச் செய்யத் தன் வேலைக்கே குழி தோண்டுகிறோமே என்று நினைத்துச் சில நேரம் தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள். சில நேரம் சிரிப்பு வராது.

கட்டடம் முடிந்த சனிக்கிழமை ஹாஜியார் அடுத்த வரைபடத்தோடு வந்தார். கதிரவெளியில் மீனவர் சங்கத்துக்கு ஒரு கட்டடம். ஜன்னலடி மேசையில் விரித்ததும் செசீலியாவின் கண் தானாகத் தேடியது. ஒபிஸ் இருந்தது, கக்கூஸ் இருந்தது, கம்பி வளைக்கிற இடம் இருந்தது. ஸ்டோர் இல்லை. அவள் இடுப்பில் கிடந்த திறப்பை அவிழ்த்து வரைபடத்தின்மேல் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் ஹாஜியார்.

"திறப்பு, ஹாஜியார். அங்க பூட்டுறதுக்கு ஒண்டும் இல்லையே."

ஹாஜியார் றஸீனாவைப் பார்த்தார். "நீ சொல்லல்லயா?"

"நீங்க சொல்லியிருப்பீங்க எண்டெல்லோ நான் இருந்தன்."

"சைட்டில இந்தப் புள்ளைக்குத் தெரியாத ஒரு விசயம் இரிக்குமெண்டு நான் கண்டனா?"

சாரக்கட்டில் நின்று கடைசிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயராஜா பாஸ் திரும்பாமலே சொன்னார். "எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

றஸீனா வரைபடத்தின் ஓரத்தில், கதிரவெளி வளவின் வாசலில், சின்னதாய்க் கீறியிருந்த ஒரு கொட்டிலில் விரலை வைத்தாள். ஒரு ஜன்னல், உட்கார ஒரு வாங்கு, சுவரில் ஒரு பலகை. பக்கத்தில் பென்சிலால் 'செசீலியா அக்கா' என்று எழுதியிருந்தது. "இது ரெண்டு மாசத்துக்கு முந்திக் கீறினது. அங்க பூட்டு இல்ல அக்கா. முதல் கல்லு வாறதுக்கு முந்தி நீங்க வரோணும். ஆர் என்ன வேலைய எப்ப முடிப்பன் எண்டாலும் உங்களுக்கிட்டத்தான் சொல்லோணும். நீங்க ஓம் எண்டாத்தான் லொறி வெளிக்கிடும்."

செசீலியா அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் எல்லோருடைய கதையும் தெரிந்தவளுக்குத் தன் கதை தெரியாமல் போய்விட்டது. நெஞ்சுக்குள் இத்தனை மாதமாய்க் கட்டிபட்டுக் கிடந்த ஒன்று கரைந்து கண்ணுக்கு வரப்பார்த்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கள் வெளிக்கிடு புள்ள" என்றார் ஹாஜியார். "விடிய அஞ்சரைக்கு லொறி."

'ஓம் ஹாஜியார்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபது வருஷமாய் அவருக்கு அவள் சொன்ன பதில் அது ஒன்றுதான். பெருநாளுக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். அவள் வாயை மூடினாள். ஜன்னலில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சிவப்புத் துண்டை எடுத்தாள்.

"திங்கள் ஏலாது, ஹாஜியார்."

சாரக்கட்டில் ஜெயராஜா பாஸின் கை நின்றது.

"ஏன்?"

"ஆயித்தியமலைக்கு நடந்து போகோணும். ஒரு நேர்த்தி கிடக்கு."

"என்ன நேர்த்தி?"

"இந்த வேலை போகக் கூடாதெண்டு. நீங்க என்ன மீன் வெட்டப் போகச் சொன்ன கிழமை வைச்சது."

ஹாஜியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் ஸ்டோருக்குள் கிடந்த அந்த ஒற்றைக் கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தார். "அது பகிடிக்குச் சொன்னது, புள்ள."

"தெரியும் ஹாஜியார். ஆனா அண்டைக்குச் சோறு இறங்கல்ல."

ஹாஜியார் அவள் கையிலிருந்த துண்டை வாங்கி, றஸீனாவிடம் பேனை கேட்டு, தன் கைப்பட, பெரிய எழுத்தில் எழுதினார்: செசீலியா, திங்கள் ஏலாது. எழுந்துபோய் வெறுமையாய்க் கிடந்த பலகையின் நடுவில் ஒட்டினார்.

"அப்ப செவ்வாய்?"

"கால் நோகும். புதன் வாறன்."

"ஓம்" என்றார் ஹாஜியார்.